சியோமாவுக்குத் தலை வாரியவள்

ஜூன் 23, ஞாயிறு

பாப்பா இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகப் போகிறது. என் தங்கை பிரமிளாவின் காரியம் முடிந்த அன்றே இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. யாரைக் கேட்பது? பிரமிளா காய்ச்சல் என்று படுத்தாள், வாரம் முடிவதற்குள் இல்லை. அவள் கட்டிக்கொண்ட ஒபின்னா நைஜீரியாவில் இருக்கிறான். திருப்பூரில் ஆறேழு வருசம் பனியன் வாங்கி அனுப்பும் தொழில் செய்தவன், எங்களைப் போலவே தமிழ் பேசுவான். விசா முடிந்து ஊருக்குப் போனான், திரும்பி வர விடவில்லை. பெண்டாட்டியை எடுத்துப் போவதைப் போனில் பார்த்து அழுதான். அழுகிறவனிடம் குழந்தையைப் பற்றி என்ன பேசுவது?

பெயர் சியோமா. அவன் வைத்தது. எனக்கு வாயில் நுழையவில்லை, பாப்பா என்றே கூப்பிடுகிறேன். இரண்டரை வயது. கண் என் தங்கையுடையது. நிறம் இரண்டு பேருக்கும் நடுவில். முடி மட்டும் முழுக்க அவனுடையது.

இன்று தலைக்கு ஊற்றி, துவட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு சீப்பை வைத்தேன். இறங்கவில்லை. படுத்துப் படுத்துப் பின்மண்டையில் முடி ஒன்றோடொன்று பின்னிக் கம்பளி மாதிரி ஆகியிருந்தது. பிடித்து இழுத்தேன். பாப்பா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ருக்குமணி அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள்.

“ஏன் வாணி, புள்ளையக் கொல்றயா?”

“சிக்கு எடுக்கறனுங்க்கா.”

“இது சிக்கில்ல கண்ணு, முடியே இப்படித்தான். மொட்டை அடிச்சு வுடு. ரெண்டு தடவை மழிச்சாப் போதும், நேரா மொளைச்சுப் போடும்.”

எனக்கும் சரி என்று பட்டது. ஆடி முடியட்டும்.

ஜூன் 25, செவ்வாய்

சீப்பில் பல் ஒடிந்துவிட்டது. என்னைக் கண்டால் பாப்பா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்கிறாள்.

ஜூன் 30, ஞாயிறு

ஒபின்னா போன் செய்தான். கை ஈரமாக இருந்தது. மறுபடி செய்தான். அப்போது சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பிறகு மறந்துவிட்டது.

சாயந்தரம் வீட்டுக்காரர் என் போனை எடுத்துப் பார்த்தார். “ஒபின்னா கூப்பிட்டிருக்கறானாட்ட இருக்குது. நாலஞ்சு மிஸ்டு கால் கெடக்குதே?”

“சார்ஜ் இல்லாமப் போச்சுங்க.”

“சார்ஜ் இல்லாத போன்ல இத்தனை மணி எப்படிப் புள்ள அடிக்கும்?”

குழம்பில் உப்பு இல்லை என்று வேறு சொன்னார். என் வீட்டுக்காரர் மயில்சாமி ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். அங்கே கேள்வி கேட்டுப் பழகிவிட்டார்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. பாப்பாவுக்காகப் பனியன் கம்பெனியில் பீஸ் பார்க்கும் செக்கிங் வேலையை விட்டுவிட்டேன். பகலில் இந்த லைன் வீடுகளில் நானும் அவளும்தான். மற்றவர்கள் எல்லாம் கம்பெனிக்குப் போய்விடுவார்கள்.

ஜூலை 4, வியாழன்

மத்தியானம் கரண்ட் இல்லை. பின்பக்கத்துத் தையல் மிஷின்கள் நின்றுபோய், தெருவே காது அடைத்த மாதிரி இருந்தது. பாப்பா தொட்டிலில் தூங்கினாள். நான் குழாயடியில் துணி அலசினேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் வாசல் நேராகத் தெரியும். ஒருவரும் உள்ளே போகவில்லை, ஒருவரும் வெளியே வரவில்லை. நல்ல வெயில்.

வாளியோடு வீட்டுக்குள் நுழைந்தால் பாப்பா தொட்டிலை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்திருக்கிறாள். தலை ஈரம். தேங்காயெண்ணெய் வாசம் வீடு முழுக்க இருந்தது. பின்மண்டையில் இருந்த கம்பளி போன இடம் தெரியவில்லை. நடுவில் நேராக ஒரு வகிடு. இரண்டு பக்கமும் முடி சின்னச் சின்னச் சுருளாகப் பிரிந்து, ஒவ்வொரு சுருளும் தனியாக மினுங்கியது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

“யாரு கண்ணு தலை வாரிவிட்டா?”

“அம்மா.”

“எந்த அம்மா?”

பாப்பா கதவுக்குப் பின்னால் பார்த்தாள். கதவை இழுத்துப் பார்த்தேன். விளக்குமாறு இருந்தது.

எங்கள் வீட்டில் எண்ணெய் தீர்ந்து, வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

ஜூலை 5, வெள்ளி

நான்தான் வாரியிருப்பேன். தூக்கம் இல்லாமல் வேலை செய்தால் செய்தது நினைவில் நிற்பதில்லை. அவரிடமும் நான்தான் வாரினேன் என்று சொன்னேன்.

“பரவாயில்லையே. பிரமிளா வாரற மாதிரியே இருக்குது” என்றார்.

ஜூலை 10, புதன்

அரிசி களைந்துகொண்டு சமையலறை வாசலில் நின்றேன். பாப்பா கூடத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பின்னால் சுவர் இல்லை, தலையணை இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் அவள் முதுகு சாய்ந்திருந்தது. பெரியவர்கள் இரண்டு முழங்காலுக்கு நடுவில் உட்கார வைத்தால் குழந்தை எப்படிச் சாயுமோ அப்படி. அந்தச் சாய்வுக்கு எந்தக் குழந்தையும் மல்லாந்து விழ வேண்டும். அவள் விழவில்லை.

தலை மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு யாரோ தாடையில் விரல் வைத்துத் திருப்பியது போல வலது பக்கம் திரும்பியது. நெற்றியோரத்துச் சுருள் ஒன்று தானாக நீண்டு, இழுபட்டு, விட்டதும் சுருங்கியது. பாப்பா வாயில் விரலைப் போட்டுக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருந்தாள். என் கையில் அவள் ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. குக்கரை வைக்க வேண்டும் என்று நினைத்ததும், வைக்காமல் நின்றதும் நினைவிருக்கிறது. பாப்பா எழுந்து பொம்மையைத் தேடிப் போன பிறகுதான் கூடத்துக்குள் கால் வைத்தேன். அவள் உட்கார்ந்த இடத்துக்குப் பின்னால் தரையில் தண்ணீர் சொட்டியிருந்தது. துடைத்தேன். கை வழுக்கியது.

ஜூலை 16, செவ்வாய்

புது சிம் வாங்கினேன். பழையதில் டவர் சரியில்லை.

ஆவணியில் பாப்பாவுக்கு மொட்டை எடுக்கலாம் என்று அவரிடம் சொன்னேன். காங்கேயம் பக்கத்தில் இருக்கும் அவருடைய குலசாமி கோயிலில்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். “நம்ம குலசாமிக்கா? அங்க நம்ம வூட்டுப் புள்ளைகளுக்குத்தான் எடுப்பாங்க.”

நான் ரசம் ஊற்றினேன்.

“ஒபின்னாகிட்ட ஒரு வார்த்தை கேட்டயா வாணி?”

“அவங்களுக்கு இதெல்லாம் என்னங்க தெரியும்?”

“முடி அவன் புள்ளையோடது.”

“வளர்க்கறது நானுங்க.”

மொட்டை எடுக்கும்போதே கோயிலில் பெயரையும் மாற்றிவிடலாம் என்று நினைத்திருக்கிறேன். கனிஷ்கா, இல்லையென்றால் தன்யா. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கூப்பிட நன்றாக இருக்கும்.

ஜூலை 26, வெள்ளி

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஆடி வெள்ளி. கம்பெனிக்கு லீவு போட்டிருந்த ருக்குமணி அக்கா வீட்டு வாசலில் நின்று கூழ் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்தான். பாப்பா கண்ணாடி முன்னால் நின்று தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் தலை முழுவதையும் கட்டம் கட்டமாக வகிடெடுத்து, ஒவ்வொரு கட்டத்து முடியையும் அடியிலிருந்து நுனி வரைக்கும் கருப்பு நூலால் சுற்றியிருந்தது. சின்னச் சின்னக் குச்சிகள் மாதிரி அவை நட்டுக்கொண்டு நின்றன. நூல் அவ்வளவு நெருக்கமாக, ஒரே சீராகச் சுற்றியிருந்தது. நான் பதினைந்து வருசம் செக்கிங்கில் இருந்தவள். அப்படி ஒரு கைச்சுத்தத்தை நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் வெள்ளை நூல் மட்டும்தான் இருக்கிறது.

ருக்குமணி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். “கருப்புக் கயிறா? இது செய்வினை வாணி. அந்தச் சீமையில இதெல்லாம் பண்ணுவாங்களாமா. உடனே அறுத்துப் போடு.” உள்ளே வரவில்லை. தன் வீட்டுக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

ஜூலை 27, சனி

கத்தரிக்கோலால் நூலை அறுத்தேன். சில இடத்தில் முடியும் சேர்ந்து வந்துவிட்டது. பாப்பா அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. எதிர்ச் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழுதடு மட்டும் நடுங்கியது.

“வலிக்குதா கண்ணு?”

இல்லை என்று தலையை ஆட்டினாள். “அம்மா அழுவுது” என்றாள்.

நூலையெல்லாம் கூட்டி அள்ளித் தெருமுனையில் கொண்டுபோய் எரித்தேன். தேங்காயெண்ணெய் கருகும் வாசம் வந்தது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம். நூலை எரித்த அன்றிலிருந்து வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்றுதான் எழுதுவேன். பாப்பா மட்டும் மத்தியானமானால் கூடத்தில் போய்ச் சம்மணமிட்டு, முதுகை நேராக வைத்து உட்கார்ந்து காத்திருக்கிறாள். யாரும் வராததால் எழுந்துவிடுகிறாள். பின்மண்டை மறுபடி கம்பளி ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஒபின்னா அவருடைய பட்டறை நம்பரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

“விசா கெடைச்சிருமாட்ட இருக்குதாமா. புள்ள குரலை ஒரு தடவை கேட்டுக்கறேன்னு கெஞ்சறான் வாணி. உன்ற நம்பரு போகவே மாட்டேங்குதுன்னு சொல்றான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் என்னத்தச் சொல்லறது? வாணிகிட்டச் சொல்றேன்னு சொன்னேன்.”

அடுத்த வெள்ளிக்கிழமை மொட்டை. பொங்கல் பானை, பச்சரிசி, வெல்லம், சந்தனம் எல்லாம் வாங்கியாகிவிட்டது. பாப்பாவுக்கு மஞ்சள் கவுன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

காலையில் காரில் போனோம். அவர், நான், பாப்பா, ருக்குமணி அக்கா. கோயில் என்பது சோளக்காட்டு நடுவில் ஒரு வேப்பமரமும் நான்கு கல்லும்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைத்தேன். முடியெடுக்க ஆறுமுகம் என்று ஒரு ஆள் வந்தார். அவர் மரத்தடியில் பலகை போட்டு, பாப்பாவை என் வீட்டுக்காரர் மடியில் உட்கார வைக்கச் சொன்னார்.

செம்புத் தண்ணீரைத் தெளித்துத் தலையைத் தேய்த்தார். பாப்பா அழுவாள் என்று பிஸ்கட் வைத்திருந்தேன். அழவில்லை. தலையை மெல்ல இடது பக்கம் சாய்த்தாள். எனக்கு அந்தச் சாய்வு தெரியும். அடுப்புக்குள் சுள்ளியைத் தள்ளினேன், தள்ளிக்கொண்டே இருந்தேன்.

“அம்மிணி, கையச் சித்த எடுங்க” என்றார் ஆறுமுகம், நிமிராமல்.

கத்தி தலைக்கு மேலேயே நின்றது.

“கத்தி பட்டுருமுங்க. கைய எடுங்க.”

“என்ற கை ரெண்டும் புள்ள இடுப்புலதானுங்க இருக்குது” என்றார் இவர்.

“உங்களச் சொல்லலீங்க. அம்மிணியத்தான் சொல்றேன். முடியப் பிரிச்சுப் பிரிச்சுப் புடிச்சுட்டா நான் எங்க கத்தி வெக்கறது?”

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தார். முதலில் ருக்குமணி அக்காவைப் பார்த்தார். அவள் கார் பக்கத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்படியில் இருந்த என்னைப் பார்த்தார். எனக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. மறுபடி பாப்பாவின் தலையைப் பார்த்தார். அந்த ஆளின் முகத்தில் இருந்த வேர்வை அப்படியே நின்றுபோனதை நான் பார்த்தேன்.

கத்தியை மடக்கினார். குந்தி உட்கார்ந்தபடியே ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“இந்தப் புள்ளைக்கு அம்மா இருக்குதுங்களா?”

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனை நாள் காத்திருந்தேன். சாமி முன்னால், நான்கு பேர் கேட்கிற மாதிரி யாராவது கேட்க வேண்டும். நான்தான் என்று நான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

“இருக்கறாளுங்க” என்று வந்தது.

“அப்ப அந்தம்மாவக் கேட்டுப்போட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு ஆறுமுகம் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெற்றிலை பாக்குக்கூட வாங்கவில்லை.

பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. காரில் பாப்பா என் மடியில் தூங்கினாள். வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது அவர் சொன்னார். “என்ற மணிக்கட்டு மேல தண்ணி சொட்டிட்டே இருந்துச்சு வாணி. செம்புத் தண்ணி இல்ல. எண்ணெய் கலந்த தண்ணி.”

ஆகஸ்ட் 31, சனி

பழைய சிம்மோடு நம்பர் போயிருந்ததால், அவரைப் பட்டறையிலிருந்து வாங்கி வரச் சொல்லி, ஒபின்னாவை வீடியோவில் கூப்பிட்டேன்.

“போன் ரிப்பேருங்க தம்பி” என்றேன்.

மெலிந்துபோயிருந்தான். “சரிங்க்கா” என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவன் திட்டியிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

பாப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு “பப்பா, பப்பா” என்று திரையை நக்கினாள். அவன் அழுதான், சிரித்தான். பிறகு அவள் பின்மண்டையைப் பார்த்துவிட்டான்.

“அக்கா, முடி ஏனுங்க இப்படி ஆச்சு?”

“எனக்கு வார வரலைங்க தம்பி.”

அதைச் சொல்ல இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

“கஷ்டம் இல்லீங்க. மொதல்ல தண்ணி. காஞ்ச முடியத் தொடவே கூடாது. அப்பறம் எண்ணெய். சீப்பு அப்பறம், மொதல்ல வெரலு. நுனியில ஆரம்பிச்சு மேல மேல போங்க. வேர இன்னொரு கையில புடிச்சுக்கோணும், அப்ப இழுத்தாலும் புள்ளைக்கு வலிக்காது. பல்லு அகலமான சீப்பு வாங்குங்க. படுக்கறப்ப தலைகாணிக்குப் பட்டுத் துணி போடுங்க. பருத்தி முடியத் தின்னுரும்.”

பனியன் ஊரில் பிழைத்துவிட்டுப் பருத்தியைக் குறை சொல்கிறான் என்று இவர் பின்னால் நின்று சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு இந்த வீட்டில் ஒருவர் சிரித்தார்.

அப்போது ஒபின்னாவின் அம்மா பேத்தியைப் பார்க்கத் திரைக்குள் வந்தார்கள். தலையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார்கள். கட்டம் கட்டமாக வகிடு. ஒவ்வொரு கட்டத்திலும் அடியிலிருந்து நுனி வரைக்கும் கருப்பு நூல்.

“அது என்னங்க தம்பி, நூலு?”

“எங்க ஊருல இப்படித்தானுங்க கட்டுவாங்க. முடி உடையாம நீளமா வளரும். பிரமிளா எங்கம்மாகிட்டத்தான் கத்துக்கிச்சு. ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா ரெண்டு பேரும் வீடியோல உக்காந்துக்குவாங்க. ஏனுங்க்கா, நீங்க பார்த்திருக்கறீங்களா?”

“பாப்பாவுக்குப் பிரமிளா கட்டிவிட்டாளுங்க, பார்த்தேன்” என்றேன். அது பொய் இல்லை.

அக்டோபரில் வருகிறான். கூட்டிக்கொண்டு போவானா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலையில் அவர் கறி வாங்கப் போனார். நான் கடையிலிருந்து வாங்கி வந்த கருப்பு நூல்கண்டை எடுத்துக்கொண்டு கூடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். சியோமாவை முழங்காலுக்கு நடுவில் உட்கார வைத்தேன். இப்போது என்னிடம் வருகிறாள், பெரியம்மா என்பதைப் பெய்ம்மா என்கிறாள். போன வாரம் இரண்டு கட்டம் மட்டும் கட்டினேன், அதுவும் அவிழ்ந்துவிட்டது. இன்று முழுத் தலையும் கட்டிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

தண்ணீர் தெளித்தேன். எண்ணெய் தடவினேன். வேரைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து விரலை விட்டேன். சுருள் ஒவ்வொன்றாகப் பிரிந்து கொடுத்தது. அவள் முதுகை என் மேல் சாய்த்து, விரலை வாயில் போட்டுக்கொண்டாள். அந்தக் கனம் எப்படி இருக்கும் என்று எனக்கு இதற்கு முன்னால் தெரியாது. அக்டோபரை நினைத்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்க முடியவில்லை, இரண்டு கையிலும் எண்ணெய்.

முன்பக்கம் முடித்துவிட்டுப் பின்மண்டைக்கு வந்தபோது என் கொண்டை ஊசி நழுவித் தரையில் விழுந்தது. கொண்டை அவிழ்ந்து முதுகில் சரிந்தது. காற்று இல்லை. மின்விசிறியும் போடவில்லை.

முதலில் ஈரம் தெரிந்தது. கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்த தண்ணீர். பிறகு விரல்கள். என் முடியை மூன்றாகப் பிரித்தன. ஒரு கை வேரை அழுத்திப் பிடித்துக்கொண்டது, இன்னொரு கை நுனியிலிருந்து மேலே மேலே வந்தது. கொஞ்சமும் வலிக்கவில்லை.

சியோமா தலையைத் தூக்கி என் தோளுக்கு மேலே பார்த்தாள். வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

“இப்ப பெய்ம்மாக்கு” என்றாள்.

என் முதுகெலும்பு வழியாக ஒரு சொட்டு இறங்கிப் போனது. வாசலில் அவருடைய வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கலாம் என்று தோன்றியது. பார்த்தால் நின்றுவிடும் என்றும் தோன்றியது.

சியோமாவின் தாடையில் விரல் வைத்து முகத்தை நேராகத் திருப்பினேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அடுத்த வகிடை எடுத்தேன்.